ஐந்து வீடுகளும் ஒரு புத்தகமும்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களுக்குச் சென்று பார்ப்போர்க்கு ஒன்று புலனாகும். கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதன் மேல்தட்டில் திருக்குறள் உரை ஒன்று, பாரதியார் கவிதைத் தொகுதி ஒன்று, கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்கள் ஆகியவை வரிசை குலையாமல் நிற்கும். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்பொழுது ஆசையோடு வாங்கி வந்தவை அவை. சரஸ்வதி பூசையன்று வெளியே வரும். சந்தனமும் குங்குமமும் பெறும். மறுநாள் மீண்டும் உள்ளே போகும். நூலைப் போற்றுவதில் நாம் எவருக்கும் குறைந்தவர் அல்லோம். படிப்பதில்தான் குறை.

இதற்குச் சோம்பலே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. ஆயினும் அது முழு உண்மை ஆகாது. சொந்த ஊரில் இருப்பவனுக்குத் தான் படித்ததைச் சொல்ல ஆள் உண்டு. கிளை நூலகத்தில் ஒருவர் கிடைப்பார். தேநீர்க்கடைப் பலகையில் ஒருவர் கிடைப்பார். பக்கத்து வீட்டில் ஓர் ஆசிரியராவது இருப்பார். இங்கோ, ஒரு நல்ல கதையைப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தால், அதைக் கேட்பார் இலர். கேட்பார் இல்லாத படிப்பு நாளடைவில் தானே நின்றுவிடுகிறது. ஆகவே, சில நண்பர்கள் கூடி நடத்தும் படிப்பு வட்டம் என்பதைப் பற்றி இத்திங்கள் நம் பகுதியில் எழுத எண்ணினோம்.

நண்பர் கூடி நூல் நயத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் வாழ்ந்தபொழுது, அவர் இல்லத்துத் தொட்டிக்கட்டில் அன்பர்கள் கூடிக் கம்பன் பாடல்களைச் சுவைத்தனர். அக்கூட்டத்திற்கு ‘வட்டத்தொட்டி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி ‘காகங்கள்’ என்ற பெயரில் நண்பர் கூட்டம் ஒன்றை நடத்தினார். 1939-ஆம் ஆண்டு சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் பெருவிழா எடுக்கும் அமைப்பாக வளர்ந்தது. விழாவும் வேண்டுவதே. ஆனால், வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு, மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாத தொட்டிக்கட்டே ஏற்ற முன்மாதிரி எனத் தோன்றுகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பே நம் சிற்றூர்த் திண்ணைகளில் ஒருவர் பாரதம் படிக்கப் பலர் சுற்றி அமர்ந்து கேட்டனர். ‘பெரிய எழுத்து’ என்று அட்டையில் அச்சிட்டு விற்ற கதை நூல்களும் அவ்வாறு உரக்கப் படிப்பதற்குப் பெரிதும் உதவியவை. எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தால் தெரு முழுதும் நூலறிவு பெற்றது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது பயன்படும்.

கரக்பூரில் நாங்கள் நடத்தும் வட்டம் மிகச் சிறியது. ஐந்து குடும்பங்கள். பெரும்பாலோர் இரயில்வே பணியினர். புலவர் பட்டம் பெற்றவர் எங்களுள் எவரும் இலர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவரும் உளர். திங்கள்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒரு வீட்டில் கூடுகிறோம். எட்டு மணிக்குக் கலைகிறோம். இரவுப் பணிக்குச் செல்வோர் அதற்கு முன்பே எழுந்துவிடுவர். மூன்று ஆண்டுகளாக இது நடந்து வருகிறது. இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எவ்வாறு நடக்கிறது என்று தெரிந்தால் பிற ஊர் அன்பர்களும் தொடங்கலாம் என்பதற்காகவே விவரம் எழுதுகிறோம்.

முதலாவது, எங்கள் வட்டத்திற்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தாவும் இல்லை. பணம் சேர்ந்தால் கணக்கு வேண்டும். கணக்கு வந்தால் ஐயம் வரும். ஐயம் வந்தால் நட்புப் போகும். நாள் முழுதும் கணக்குப் புத்தகங்களோடு மாரடிக்கும் நமக்கு ஞாயிற்றுக்கிழமையும் அது வேண்டுமா? எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டார் அத்திங்களுக்குரிய நூலை வாங்குவர். நூல் அவர்களுக்கே சொந்தம்.

இரண்டாவது, ஒரே ஒரு படிதான். அது ஐந்து வீடுகளையும் சுற்றி வரும். வீட்டுக்கு ஆறு நாள் என்று வைத்தால் முப்பது நாளில் சுற்று முடிகிறது. இருநூறு பக்க நூலை ஆறு நாளில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு முப்பத்து மூன்று அல்லது முப்பத்து நான்கு பக்கம் படித்தால் போதும். இரவுச் சாப்பாட்டிற்குப் பின் ஒரு மணி நேரத்தில் இது கைகூடும். பின்னட்டையின் உட்புறம் ஒரு சீட்டை ஒட்டி, வந்த நாளும் போன நாளும் குறிக்கிறோம். அடுத்த திங்கள் சுற்றைத் தலைகீழாக்கிக் கடைசி வீட்டிலிருந்து தொடங்குகிறோம். கடைசியில் பெற்றவர்க்குக் கதை புதிதாக நினைவிருக்கும். முதலில் பெற்றவர்க்கு மறந்திருக்கும். இவ்வேற்றத்தாழ்வு இருபக்கமும் சமமாக வேண்டுமல்லவா? ஐவரும் ஐந்து படி வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கினால் ஐந்தும் அலமாரிக்குப் போய்விடும். அடுத்த வீட்டார் காத்திருக்கிறார் என்ற எண்ணமே நம்மைப் படிக்கத் தூண்டுகிறது. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வகுத்த சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதனும், நூலின் பெருமை அது கைமாறிப் பயன்படுவதில் உள்ளது என்ற கருத்தினரே. அதே ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். எங்கள் வண்டி ஒரு துணிப்பை, அவ்வளவே வேற்றுமை.

மூன்றாவது, ஒவ்வொருவரும் தாம் குறித்து வைத்த ஒரு பக்கத்தை உரக்கப் படித்து, அதனைக் குறித்த காரணத்தைச் சொல்ல வேண்டும். ‘நூல் நன்று’, ‘நூல் தீது’ என்று தீர்ப்புக் கூறினால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு பக்கத்தைப் படித்தால், ‘எங்கள் ஊரில் அப்படி இல்லை’ என்று ஒருவர் தொடங்குவார், பேச்சு வளரும். படிக்காமல் வந்தவரையும் விலக்குவதில்லை. அவர் கேள்வி கேட்கலாம். நூலைப் பற்றி முடிவு மட்டும் சொல்லலாகாது.

நான்காவது, தேநீரும் ஒரே ஒரு தின்பண்டமும் மட்டும். சுண்டல் அல்லது இவ்வூர் வழக்கப்படி மசாலாப் பொரி. தொடக்கத்தில் வடையும் கேசரியும் தலைகாட்டின. மூன்றாம் கூட்டத்தில் ஓர் அம்மையார் சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து, “நானும் புத்தகத்தை முழுக்கப் படிச்சிருக்கேன். நீங்க பேசறது உள்ளே பாதிதான் கேட்குது. எண்ணெய்ச் சட்டி முன்னாலே நிக்கிறதுக்கா இந்த வட்டம்?” என்றார். எவராலும் மறுமொழி கூற இயலவில்லை. அன்றிலிருந்து தேநீர் போடுவது ஆடவர் பொறுப்பு. அன்றுதான் பேச்சும் சுவைபெறத் தொடங்கிற்று என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். கதைமாந்தரின் நடத்தையைப் பற்றி நாங்கள் எண்ணாத கோணங்களை அந்த அம்மையார் எடுத்துக் காட்டுகிறார்.

இனி, நூலைத் தெரிவு செய்தல். இதில் வேறுபாடு எழாத வட்டம் இராது. எங்கள் அனுபவத்தில், நம் வாழ்வை ஒட்டிய நூல்கள் வெற்றி பெற்றன. அசோகமித்திரனின் ‘18-வது அட்சக்கோடு’ 1977-இல் வெளிவந்த நாவல். செகந்திராபாத்தில் வளரும் தமிழ்ச் சிறுவனின் கதை. தந்தை இரயில்வே ஊழியர். 1947, 1948-ஆம் ஆண்டுகளில் நிசாம் சமஸ்தானத்தில் நிகழ்ந்தவை அவன் கண் வழியே சொல்லப்படுகின்றன. மட்டைப்பந்தும் குடியிருப்பு வீடுகளுமாகத் தொடங்கும் கதை, கலவரத்தின் நடுவே அவன் ஒரு வீட்டினுள் காணும் காட்சியில் வந்து நிற்கிறது. அப்பக்கத்தைக் குறித்து வந்தவர் படித்து முடித்த பின் சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, ஊர் இரண்டுபட்டு நிற்கும்பொழுது வந்தேறியாக வாழ்பவன் ‘எனக்கு இதில் தொடர்பில்லை’ என்று கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்ற வினா எழுந்தது. வேற்று மொழியார் நடுவே வாழும் நமக்கு அது ஏட்டு வினா அன்று. அன்று எட்டு மணிக்குக் கூட்டம் முடியவில்லை.

நாஞ்சில் நாடனின் ‘மிதவை’யும் அவ்வாறே. பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல் பம்பாய்க்கு வரும் நாஞ்சில் நாட்டு இளைஞனின் பாடு அதில் உள்ளது. பிழைப்புத் தேடித் தனியே வந்து இறங்கிய முதல் ஆண்டை எங்களுள் பலர் அன்றுதான் தம் மனைவி மக்கள் முன் வாய்விட்டுப் பேசினர்.

நாம் வாழும் மண்ணின் நூலையும் படித்தல் வேண்டும். தாராசங்கர் பந்தோபாத்யாய வங்காளத்தில் எழுதி, 1956-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘ஆரோக்கிய நிகேதனம்’ த. நா. குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பில் தமிழில் உண்டு. நாடி பார்த்தே இறுதி நாளை அறியும் முதிய வைத்தியர்க்கும், புதுமுறை மருத்துவம் கற்ற இளைஞர்க்கும் இடையே எழும் முரண்பாடு அதன் பொருள். பக்கத்து வீட்டு வங்காளி ஆசிரியர், ஓய்வு பெற்றவர், நாங்கள் அதைப் படிப்பதை அறிந்து மூலநூலோடு வந்துவிட்டார். ஒரு பகுதியை அவர் வங்காளத்தில் படித்தார். அதே பகுதியை நாங்கள் தமிழில் படித்தோம். மீன் கடையிலும் காய்கறிக் கடையிலும் பேசும் வங்காளம் ஒன்றையே அறிந்திருந்த எங்களுக்கு, அம்மொழியின் இன்னொரு முகம் தெரிந்தது. பல்லாண்டுகள் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் அவர் எங்கள் கூடத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்தது அன்றுதான் முதல் தடவை. அதீன் பந்தோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’யும் சு. கிருஷ்ணமூர்த்தியின் தமிழாக்கத்தில் கிடைக்கிறது. அவ்வம்மாநிலத்து அன்பர்கள் இவ்வாறு தத்தம் மாநில நூல்களைத் தேடிக்கொள்ளலாம்.

பெரிய நூல்களை அஞ்ச வேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னை நாங்கள் பாகத்துக்கு ஒரு திங்களாக ஐந்து திங்களில் முடித்தோம். அலமாரியில் நின்ற படிகளே அதற்கு உதவின.

இதுவரை எழுதியவை எளிய செய்திகள். வட்டத்தை உடைத்துவிடும் அளவுக்கு வந்த ஒன்றைப் பற்றி இனி எழுதுகிறோம். அது பிள்ளைகளைப் பற்றியது.

பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கப் பிள்ளைகள் வெளியே விளையாடுவர். அவர்களையும் சேர்க்கவேண்டும் என்று ஒருவர் கூறினார். சேர்ப்பது எவ்வாறு? வீட்டில் தமிழ் பேசுவர், எழுத்து அறியார். பள்ளியில் ஆங்கிலம், வங்காளம், இந்தி என்று மூன்று எழுத்து முறைகளோடு போராடுகின்றனர். எட்டாம் வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தியின் தந்தை, “தமிழ்க் கதைகள் ஆங்கிலத்திலும் இருக்கின்றனவே, பிள்ளைகள் அதைப் படிக்கட்டும். நான்காவது எழுத்தையும் ஏன் தலையில் ஏற்றவேண்டும்?” என்றார். மற்றொரு நண்பருக்குச் சினம் வந்துவிட்டது. “அப்படியானால் நாமும் ஆங்கிலத்திலேயே படித்துவிட்டுப் போகலாமே, வட்டம் எதற்கு?” என்றார். இருவர் பேச்சிலும் பொருள் இருந்தது. தந்தையார் மகளின் சுமையை எண்ணினார். நண்பர் அடுத்த தலைமுறையை எண்ணினார். இரண்டு திங்கள் இருவரும் ஒரே கூட்டத்திற்கு வரவில்லை. ஐந்து வீடுகளில் ஒரு வீடு விலகினால் மிச்சம் நான்கு அன்று. நாளடைவில் ஒன்றும் இராது.

வழி காட்டியவர் அப்பெண்ணின் பாட்டியார். கண் புரை மறைத்ததால் அவரால் படிக்க இயலாது. வட்டத்தில் கேட்பதற்கென்றே வருபவர். “கதை கேட்க வர்ற பிள்ளைய எழுத்துக் கூட்டச் சொன்னா ஓடிப் போயிரும். முதல்லே கேட்கட்டும். நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? என்னை யாரும் வெளியே போகச் சொல்லலையே” என்றார்.

அத்திங்கள் முதல், கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் பிள்ளைகளுக்கு உரியதாயிற்று. ஒருவர் உரக்கப் படிப்பார், அனைவரும் கேட்போம். முதலில் எடுத்தது கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்னும் சிறுகதை. பேச்சு நடையோடு நெருங்கிய நூலாகத் தேடியே அதை எடுத்தோம். நம் பிள்ளைகள் ‘வந்துட்டாங்க’ என்று பேசுவர். நூலில் ‘வந்துவிட்டார்கள்’ என்று இருந்தால் அதுவே அவர்களுக்கு அயல்மொழியாகிவிடுகிறது. கரிசல் மண்ணின் பேச்சு அவ்வளவு தொலைவாக ஒலிப்பதில்லை. ஓர் ஏழை வீட்டுக் கதவில் ஏறிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். வரிப் பாக்கிக்காக அக்கதவையே பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த இடத்தில் அரைமணி முடிந்துவிட்டது. படித்தவர் இரவுப் பணிக்குச் செல்ல எழுந்தார்.

“அப்புறம் ராத்திரி எப்படித் தூங்குவாங்க, மாமா?” என்று கேட்டாள் அப்பெண். நூல் அன்று அவள் வீட்டுக்குப் போகும் முறை. மீதிக் கதையைப் படித்துச் சொல்லத் தந்தைக்கு அவ்வாரம் ஓய்வில்லை. தாயும் மருத்துவமனைப் பணியில் இருப்பவர். வீட்டில் இருந்தவர்கள் அவளும் பாட்டியும். ஒருவருக்குக் கண் உண்டு, எழுத்துத் தெரியாது. மற்றவருக்கு எழுத்துத் தெரியும், கண் இல்லை. அரிச்சுவடி அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுவாள். பாட்டி அவற்றைச் சேர்த்துச் சொல்லாக்குவார். அவள் ‘க, த, வு’ என்றால் அவர் ‘கதவு’ என்பார். எஞ்சிய சில பக்கங்களை முடிக்க அவர்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஆறு நாள் கெடு தவறியதை எவரும் கேட்கவில்லை. கதையின் முடிவைப் படித்த அன்று இருவரும் அழுததாகத் தந்தையார் பின்னர்ச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் அவள் ஒரு வினாவோடு வந்தாள். “வங்காளியிலே ‘க’ நாலு இருக்கு. தமிழ்லே ஒண்ணுதான் இருக்கு. மீதி மூணும் எங்கே போச்சு?” பெரியவர்கள் சிரித்தனர், ஆனால் வினா நல்ல வினா. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகல்’ என்னும் மூன்று சொற்களையும் அவளையே சொல்லச் சொன்னோம். எழுத்து ஒன்றே, நிற்கும் இடத்திற்கு ஏற்ப ஒலி மாறுகிறது. தமிழ் பேசத் தெரிந்த பிள்ளைக்கு அதைக் கற்பிக்க வேண்டியதில்லை, நாவே அறிந்திருக்கிறது. எழுத்து இருநூற்று நாற்பத்தேழு என்று சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்துவதும் தவறு. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. இவற்றோடு கால், கொம்பு, சுழி முதலிய குறிகள். உகர ஊகாரங்களில் சில வடிவங்கள் மட்டும் தனியே பழகவேண்டும். வங்காளத்தின் கூட்டெழுத்துகளோடு போராடிய பிள்ளைகளுக்கு இது பெரும் மலை அன்று.

இதனால் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படிக்கத் தொடங்கிவிட்டனர் என்று எழுதினால் அது பொய். அப்பெண் இப்பொழுது மெல்லப் படிக்கிறாள். அவள் தம்பி ஆங்கில மொழிபெயர்ப்பே போதும் என்கிறான். அதைப் படித்துவிட்டு வந்து எங்களோடு வாதாடுகிறான். மற்றொரு சிறுவன் வருவதை நிறுத்திவிட்டான். ஒருவரையும் வற்புறுத்துவதில்லை, ஒருவரையும் விலக்குவதும் இல்லை. பிணங்கிய இரு நண்பர்களும் இன்று முறை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் படிக்கின்றனர்.

இடமாற்றம் என்பது நம் போன்றோர் வட்டங்களுக்கு இயல்பான இடையூறு. எங்கள் குடும்பங்களுள் ஒன்று சென்ற ஆண்டு பிலாஸ்பூருக்கு மாறியது. இரண்டாம் ஞாயிறன்று கைப்பேசியை மேசை நடுவில் வைத்து அவர்களையும் பேச்சில் சேர்த்துக்கொள்கிறோம். நூலை அஞ்சலில் அனுப்புகிறோம். பதிவு அச்சுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதன்பின் 2025 மே முதல் நாள் அஞ்சல் துறை ‘ஞான் போஸ்ட்’ என்னும் நூல் அஞ்சல் முறையைத் தொடங்கியது. தொடங்கியபொழுது 300 கிராம் வரை 20 ரூபாய் என்றும், உச்ச எடையான 5 கிலோவுக்கு 100 ரூபாய் என்றும் கட்டணம் வைத்தனர், வரி தனி. தரை வழியாகச் செல்வதால் நாள் சற்று அதிகமாகும். தனி நூல்களுக்கே இது பொருந்தும். வார, மாத இதழ்களுக்கு அன்று.

நூல் கிடைக்கவில்லை என்ற குறைக்கும் இன்று பெரிதும் இடமில்லை. பழந்தமிழ் நூல்கள் பலவற்றை 1998 பொங்கல் முதல் மதுரைத் திட்டத்தார் இணையத்தில் இலவசமாக அளித்து வருகின்றனர். பாரதியார் படைப்புகள் 1949-இலேயே அரசுடைமையாகிப் பின்னர் மக்களுக்கு உரியவையாயின; வேறு பலர் நூல்களும் நாட்டுடைமை பெற்றுள்ளன. அவற்றுள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காணலாம். கல்கத்தாவுக்கு அருகில் உள்ளோர் அலிப்பூர் தேசிய நூலகத்தை மறக்கலாகாது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி ஒன்று அங்கே சேரவேண்டும். தமிழ்ப் பிரிவும் உண்டு.

தொடங்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். ஐந்து வீடு கிடைக்கும் வரை காத்திருக்கவேண்டா, மூன்று போதும். எட்டுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். முதல் நூல் நூற்றைம்பது பக்கத்திற்கு மிகாத கதை நூலாக இருக்கட்டும். வீட்டில் கண் மங்கிய முதியவர் இருந்தால் அவரை முன்வரிசையில் அமர்த்துங்கள். எழுத்தறியாப் பிள்ளையை அவர் அருகில் அமர்த்துங்கள். ஆண்டு விழா, பொன்னாடை, புகைப்படம் ஆகியவை வேண்டா. நாளைக்கே கண்ணாடி அலமாரியைத் திறந்து, படிக்காத நூல் ஒன்றை எடுத்து அடுத்த தமிழ் வீட்டிற்குக் கொடுத்து அனுப்புங்கள். ஆறு நாள் கழித்துத் திருப்பிக் கேளுங்கள்.

எந்த ஊரில் எந்த நூலைப் படித்தீர்கள், எந்தப் பக்கத்தில் பேச்சு வளர்ந்தது என்று எமக்கு எழுதினால், வரும் இதழ்களில் அவற்றைத் தொகுத்து வெளியிடுவோம். பிள்ளைகளுக்கு உரக்கப் படிக்க ஏற்ற சிறுகதைகளைப் பற்றி அடுத்த திங்கள் எழுதுவோம்.